வயிற்றுத் தையலும் கீழ்த்தையலும்: பிரசவத்துக்குப் பின் உடல் தேறும் விதம்

2011 ஜூன் மாதம் இந்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் குழந்தை பெறும் பெண்ணுக்குச் சுகப்பிரசவமானால் 3 நாள் வரையும் சிசேரியனானால் 7 நாள் வரையும் இலவச உணவு உண்டு. பெரும்பாலான பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்திவிடுகிறது. சிக்கலில்லாமல் யோனிவழியே குழந்தை பெற்றவர், வயிற்றை அறுத்துப் பெற்றவரைவிட விரைவில் தேறுவார் என்பதில் மருத்துவர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் குழந்தை வெளிவரும்போது ஆசனவாய்த் தசை வரை கிழிந்துபோன தாயும் அதே 3 நாள் கணக்கில்தான் வருகிறார். அவருக்கும் ஆபரேஷன் தியேட்டரில் வைத்துத்தான் தையல் போடப்பட்டிருக்கும். அவருக்கும் சிறுநீர்க் குழாய், ஆன்டிபயாட்டிக், வாரக்கணக்கில் நீளும் வலி எல்லாம் உண்டு. பிரசவம் எந்த வழியாக நடந்தது என்பதை மட்டும் வைத்து ஓய்வை அளந்தால் இவரைப் போன்றவர்கள் விடுபட்டுப் போவார்கள். எந்தத் தசை, எவ்வளவு ஆழத்துக்குக் காயப்பட்டது என்பதைக் கொண்டுதான் உடல் எப்படித் தேறும் என்பதைச் சொல்ல முடியும்.

கிழிசலின் நான்கு நிலைகள்

யோனியின் வாய்க்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள சிறிய பகுதியை மருத்துவர்கள் பெரினியம் என்கிறார்கள். குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் இந்தப் பகுதி அளவுக்கு மீறி விரிகிறது. யோனிவழியே குழந்தை பெறும் பெண்களில் பெரும்பாலோருக்கு, முக்கியமாகத் தலைப்பிரசவத்தில், இங்கே ஏதோ ஓர் அளவில் கிழிசல் ஏற்படவே செய்கிறது. தோலும் யோனியின் உட்சவ்வும் மட்டும் கிழிந்தால் அது முதல் நிலை. அதன் கீழுள்ள பெரினியத் தசைகளும் கிழிந்தால் இரண்டாம் நிலை. மருத்துவரே கத்தரிக்கோலால் வெட்டிவிடும் எபிசியாட்டமியும் ஆழத்தில் ஏறக்குறைய இந்த இரண்டாம் நிலைக்குச் சமம். இவை இரண்டும் சில வாரங்களில் ஆறிவிடக்கூடியவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

கடுமையான கிழிசல் என்று சொல்லப்படுவது மூன்றாம், நான்காம் நிலைகளைத்தான். கிழிசல் ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசையைத் தொட்டுவிட்டால் அது மூன்றாம் நிலை. வெளிச் சுருக்குத்தசையின் பாதிப் பருமனுக்கும் குறைவாகக் கிழிந்திருந்தால் 3ஏ, பாதிக்கு மேல் என்றால் 3பி, உட்சுருக்குத்தசையும் சேர்ந்து கிழிந்திருந்தால் 3சி என்று இதற்குள்ளும் பிரிவுகள் உண்டு. அதையும் தாண்டி ஆசனவாயின் உட்சவ்வே கிழிந்துபோவது நான்காம் நிலை. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அந்நாட்டில் யோனிவழியே நடக்கும் தலைப்பிரசவங்களில் 100க்கு 6 பேருக்கும், முன்பே யோனிவழியே பெற்றவர்களில் 100க்கு 2 பேருக்குக் குறைவானவர்களுக்கும் இத்தகைய கிழிசல் ஏற்படுகிறது. தலைப்பிரசவம், ஆயுதம் போட்டு, அதாவது ஃபோர்செப்ஸ் வைத்துக் குழந்தையை எடுப்பது, 4 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தை, முதுகுப் பக்கம் பார்க்க வேண்டிய குழந்தையின் முகம் முன்பக்கம் பார்த்திருப்பது ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவற்றில் எதுவும் தாய் சரியாக முக்காததால் வருவதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்தப் பழி பிரசவ அறையிலேயே பல பெண்களின் காதில் விழுந்துவிடுகிறது.

இந்தச் சுருக்குத்தசைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள் சுருக்குப்பையின் வாயைப்போல இறுகி மூடியிருக்கின்றன. உள்வளையம் நம் கட்டுப்பாட்டில் இல்லை; தூங்கும்போதும் அது மூடியே இருக்கும். வெளிவளையம் நாமாக இறுக்கிப் பிடிப்பது. மலம் வரும் உணர்வு வந்தபின் கழிப்பறையை அடையும்வரை அடக்கி வைப்பது அதுவே. வெளிவளையம் பழுதுபட்டால் அவசரம் தாங்க முடியாமல் போகும். உள்வளையம் பழுதுபட்டால் தெரியாமலேயே காற்றோ மலமோ கசியக்கூடும். அத்துடன், நீண்ட நேரம் முக்கும்போது இந்தத் தசைகளுக்கு வரும் நரம்பும் இழுபட்டு நலிகிறது. ஆகவே தையல் சரியாக அமைந்த பின்னும் தசை தன் வேலைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆவது உண்டு.

தையல் போடுவதற்கு முன் மருத்துவர் ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பரிசோதிப்பது இதற்காகவே. சங்கடமான பரிசோதனைதான், ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் மூன்றாம் நிலைக் கிழிசல் இரண்டாம் நிலை என்று கருதப்பட்டு, மேல் தோலும் தசையும் மட்டும் தைக்கப்பட்டு, உள்ளே அறுந்த வளையம் அப்படியே விடப்படும் ஆபத்து இருக்கிறது. சரியாகக் கண்டறியப்பட்டால், நல்ல வெளிச்சமுள்ள தியேட்டரில், முதுகில் மயக்க ஊசி போட்டு, தானாகக் கரையும் நூலால் ஒவ்வோர் அடுக்காகத் தைப்பார்கள்.

சிசேரியனில் நடப்பது

அடிவயிற்றில் குறுக்காக ஒரு வெட்டு. அதன் கீழ்த் தோலும் கொழுப்பும், அதற்கும் கீழே வயிற்றுச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் தடித்த உறையும் வெட்டப்படுகின்றன. வயிற்றின் நேர்த்தசைகளைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை. நடுவே பிரித்து இரு புறமும் விலக்குகிறார்கள். அப்புறம் வயிற்றின் உட்சவ்வு, பிறகு கருப்பையின் கீழ்ப்பகுதி. இவ்வளவையும் கடந்து குழந்தையை எடுத்துவிட்டு, அடுக்குகளைத் திரும்பத் தைக்க வேண்டும். இரத்த இழப்பு யோனிவழிப் பிரசவத்தைவிடச் சராசரியாக இரு மடங்குக்கு அருகில் இருக்கும். கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து, கருப்பையிலும் காயத்திலும் கிருமித்தொற்று, சிறுநீர்ப்பை காயப்படுவது ஆகியவை பெரிய வயிற்று அறுவைக்கே உரிய அபாயங்கள். வெளியே தெரியும் தழும்பு ஒரு விரல்கடை ஆழம்கூட இல்லாததுபோல் தோன்றினாலும் உள்ளே ஆற வேண்டியவை பல அடுக்குகள்.

சிசேரியன் எல்லாம் ஒன்றல்ல. நாள் குறித்து, வலி எடுக்கும் முன்பே செய்துகொண்டவர் பொதுவாக எளிதில் தேறுகிறார். பல மணி நேரம் வலி தாங்கி, கருப்பை வாய் முழுதும் திறந்து, முக்கியும் பார்த்த பிறகு அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோகப்பட்டவருக்கு, அடிவயிற்று உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் களைப்பும் வயிற்று அறுவையும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ‘எனக்கும் சிசேரியன்தான், பத்தே நாளில் எழுந்து சமைத்தேன்’ என்று ஒருவர் மற்றொருவரிடம் சொல்வது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு.

முதல் சில நாள்கள்

இரண்டு தாய்மாரும் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தால் அவர்கள் அசையும் விதத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும். சிசேரியன் ஆனவருக்கு உட்கார்ந்திருப்பதில் அவ்வளவு தொல்லை இல்லை. படுக்கையிலிருந்து எழுவதும், இருமுவதும், தும்முவதும், சிரிப்பதும்தான் உயிரை வாங்கும். ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழுவதும், இருமும்போது தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிப்பதும் அவருக்கு உதவும். கீழே கடுமையாகக் கிழிந்தவரோ நடக்கவும் படுக்கவும் முடிந்தவர். உட்காருவதுதான் அவருக்குத் தண்டனை. பால் கொடுப்பதற்கு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாமல், ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கக் கற்றுத் தந்தால் அவருடைய பாதித் துன்பம் குறையும். சிசேரியன் ஆனவர் குழந்தையின் எடை வயிற்றில் படாதபடி, அதன் கால்கள் தன் அக்குளின் கீழ்ப் பின்னோக்கி இருக்குமாறு பக்கவாட்டில் அணைத்துக் கொடுக்கலாம். சிசேரியனுக்குப் பிறகு பால் சுரப்பு சற்றுத் தாமதமாவது உண்டு. அடிக்கடி வாய் வைக்கவிடுவதே அதற்கான வழி.

சிசேரியனுக்குப் பின் முதல் நாளிலேயே எழுந்து நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆயினும் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைவதைத் தடுப்பதில் நடையைப் போன்ற மருந்து வேறில்லை. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஹெப்பாரின் ஊசியும் போடுவார்கள். பாரசிட்டமாலையும் அதனோடு ஐபூபுரூஃபன் அல்லது டைக்லோஃபெனாக் வகை மாத்திரையையும், வலி உச்சத்துக்கு வரும்வரை காத்திராமல், மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் எடுப்பது இரு சாராருக்கும் பொது. இவை தாய்ப்பாலுக்குக் கேடு செய்வதில்லை. கோடீன் கலந்த மாத்திரை பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதல்ல. இங்கே ஒரு நுணுக்கம்: வலிக்காக ஆசனவாயில் வைக்கும் டைக்லோஃபெனாக் குளிகை பல மருத்துவமனைகளில் வழக்கத்தில் இருக்கிறது, நான்காம் நிலைக் கிழிசல் உள்ளவருக்கு அதையும் எனிமாவையும் தவிர்ப்பதே முறை. வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியரிடம் கிழிசலின் நிலையைத் தாயோ உடனிருப்பவரோ சொல்லிவிடுவது நல்லது.

கடுமையான கிழிசலில் எல்லாரும் அஞ்சும் நேரம் முதல் முறை மலம் கழிப்பது. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அடக்கி அடக்கி வைத்தால் மலம் இறுகி, அந்தப் பயமே உண்மையாகிவிடும். அதற்காகத்தான் லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி மருந்தைப் பிரசவ நாளிலிருந்தே தொடங்குகிறார்கள். மலம் இளகி, ஆனால் தண்ணீராய்ப் போகாமல் இருக்க வேண்டும் என்பதே குறிக்கோள். மலத்துக்குப் பருமன் சேர்க்கும் இசப்கோலை மலமிளக்கியோடு சேர்த்து வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது மேற்சொன்ன பிரிட்டன் வழிகாட்டுதல். வீட்டில் இருக்கிறதே என்று தாமாகக் கலந்து குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். மலம் கழிக்கும்போது சுத்தமான துணியை மடித்துத் தையலின்மேல், முன்பக்கமாக, மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டால் பலருக்குத் தைரியம் வருகிறது. குந்தி உட்காரும் கழிப்பறையைவிட, பாதத்தின் கீழ்ச் சிறு பலகை வைத்த வெஸ்டர்ன் கழிப்பறை இந்த நாள்களில் இருவருக்குமே எளிது. கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றி உலர்த்த வேண்டும்.

நம் வீடுகளில் இந்த இடத்தில் ஒரு முட்டுக்கட்டை வருகிறது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டும், காய்கறியும் பழமும் குளிர்ச்சி, பூண்டும் மிளகும் பத்தியக் குழம்பும் போதும் என்னும் வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் நிலைத்திருக்கிறது. பத்தியச் சாப்பாட்டைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. பூண்டுக் குழம்பால் யாருக்கும் கேடு வந்துவிடாது. ஆனால் தண்ணீரையும் நார்ச்சத்தையும் நிறுத்துவது ஆசனவாய்த் தசையில் தையல் போட்டவருக்கு நேரடியாகத் தீங்கு செய்கிறது. சிசேரியன் ஆனவருக்கும் மலச்சிக்கலால் முக்கி முக்கி வயிறு வலிக்குமே தவிர அவருடைய தையல் அங்கில்லை. கீழ்த்தையல் உள்ளவருக்கோ இது தையலின் உயிர்ப் பிரச்சினை. பாலூட்டுபவருக்கு எப்படியும் வழக்கத்தைவிடக் கூடுதல் தண்ணீர் தேவை.

ஆறு வாரமும் அதன் பிறகும்

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். நாடு முழுவதற்குமான அளவு 21.5 விழுக்காடு. இந்த அளவு தேவைதானா என்பது வேறு விவாதம். இதன் ஒரு விளைவு, ஏறக்குறைய எல்லாத் தமிழ்க் குடும்பங்களிலும் சிசேரியனிலிருந்து தேறியவர் ஒருவராவது இருக்கிறார். குடத்தைத் தூக்காதே, மாடிப்படி அதிகம் ஏறாதே என்று சொல்ல ஆள் இருக்கிறது. மூன்றாம் நிலைக் கிழிசலைப் பற்றிச் சொல்ல அப்படி ஒருவர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவர் வெளியே பேசியிருக்க மாட்டார்.

சிசேரியனில் வெளித் தோல் ஒன்றிரண்டு வாரங்களில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றுச் சுவரின் உறை அவ்வளவு வேகமாக ஆறுவதில்லை. அதனால்தான் குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரங்களுக்குத் தூக்கக் கூடாது என்கிறார்கள். தழும்பைச் சுற்றி மரத்துப்போன உணர்வு பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட, நீடிக்கும். அங்குள்ள மெல்லிய தோல் நரம்புகள் வெட்டுப்பட்டதே காரணம். சிலருக்குத் தழும்பு தடித்துக் கெலாய்டாகிறது. பெரும்பாலோர் இரண்டு, மூன்று மாதங்களில் தம் அன்றாட வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் தேறுவது ஒரே திசையில் செல்லும் பயணம். ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிட மேலாக இருக்கும்.

கடுமையான கிழிசலில் அப்படி நேர்கோடாக இருப்பதில்லை. காயத்தின் வலி மூன்று, நான்கு வாரங்களில் நன்றாகவே குறைந்துவிடும். அதற்குப் பிறகுதான், வீட்டைவிட்டு வெளியே போகத் தொடங்கும்போது, காற்றை அடக்க முடியவில்லை என்பதோ மலம் வரும் உணர்வு வந்தால் காத்திருக்க முடியவில்லை என்பதோ தெரியவரும். தையல் சரியாகப் போடப்பட்ட பெண்களில் 60 முதல் 80 விழுக்காட்டினருக்கு ஓராண்டு முடிவில் எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. எஞ்சியவர்களிலும் பலருக்குக் காற்று கசிவதும் அவசர உணர்வுமே தொல்லை. இது நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் அந்த ஓராண்டுக்குள் ஒரு பெண் எத்தனை திருமணங்களுக்குப் போகாமல் இருந்திருப்பார், கோயில் வரிசையிலிருந்து எத்தனை முறை பாதியில் விலகியிருப்பார் என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இதற்குச் சிகிச்சை உண்டு. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் விவரித்த இடுப்புத்தளப் பயிற்சி இன்றும் முதல் மருந்து. காற்றை அடக்குவதுபோல ஆசனவாயையும், சிறுநீரை அடக்குவதுபோல முன்பகுதியையும் ஒருசேர உள்ளிழுத்துப் பிடித்து, சில நொடிகளுக்குப் பின் முழுதாகத் தளர்த்த வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்குவதால் பயனில்லை. வலி அனுமதிக்கும் அளவில் தொடங்கி மாதக்கணக்கில் தொடர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சரிபார்த்துக் கற்றுத் தந்தால் பலன் கூடும். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். தொல்லை நீடித்தால் ஆசனவாய் வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டு, தசை வளையம் சேர்ந்திருக்கிறதா, இடைவெளி விட்டிருக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.

சிசேரியன் செய்துகொண்டால் இடுப்புத்தளத்துக்கு எதுவும் ஆகாது என்பது பாதி உண்மை. ஆசனவாய்த் தசை கிழிவதில்லை. சிறுநீர்க் கசிவும் கருப்பை இறக்கமும் பிற்காலத்தில் வரும் வாய்ப்பும் குறைகிறது. எனினும் பத்து மாதம் சுமந்ததே அந்தத் தசைகளைத் தளர்த்திவிடுவதால், அந்த வாய்ப்பு இல்லாமலே போய்விடுவதில்லை. இடுப்புத்தளப் பயிற்சி அவருக்கும் தேவை.

தாம்பத்திய உறவைப் பொறுத்தவரை சிசேரியன் ஆனவர்கள் பெரும்பாலும் ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு தொடங்க முடிகிறது. கடுமையாகக் கிழிந்தவர்களுக்குத் தழும்பின் இறுக்கத்தால் வலி பல மாதங்கள் இருக்கலாம். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் வறட்சி இருவருக்குமே உண்டு. அதற்குத் தனியே களிம்பும் உயவுப் பொருளும் இருக்கின்றன. வலியைப் பொறுத்துக்கொள்வது மனைவியின் கடமை என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளில் சில இருவருக்கும் பொதுவானவை: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலுமான காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுதும் நனைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல். வயிற்றுத் தையல் சிவந்து நீர் கசிந்தாலோ, வாய் பிளந்தாலோ தாமதிக்கக் கூடாது. கீழ்த்தையல் உள்ளவருக்கு யோனி வழியாகக் காற்றோ மலமோ வருவது தனி அறிகுறி. மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. அது தானாகச் சரியாகும் என்று காத்திருப்பது தவறு, அறுவையால் சரிசெய்யக்கூடியது.

அடுத்த குழந்தை

இரண்டு காயங்களின் நீண்டகால விளைவுகள் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. சிசேரியனின் தழும்பு கருப்பையில் இருப்பதால் அதன் சுமை அடுத்த கர்ப்பத்தின்மேல் விழுகிறது. ஒரு சிசேரியனுக்குப் பின் யோனிவழிப் பிரசவத்துக்கு முயல்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் வெற்றி பெறுகிறார்கள். கருப்பைத் தழும்பு பிரியும் ஆபத்து 200இல் ஒருவருக்கு என்னும் அளவில் இருக்கிறது. சிசேரியன்களின் எண்ணிக்கை கூடக்கூட, நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கும் பெண்களை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டின் பெரிய அமெரிக்க ஆய்வில், இரண்டாம் சிசேரியனுக்கு வந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் மூன்றாம் சிசேரியனுக்கு வந்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் இந்நிலை இருந்தது. மூன்று, நான்கு குழந்தை வேண்டும் என்று எண்ணுபவர் முதல் சிசேரியனின்போதே இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிழிசலின் சுமையோ தாயின் மேலேயே நிற்கிறது; அடுத்த குழந்தைக்கு அதனால் ஆபத்தில்லை. மறுபடி யோனிவழியே பெற்றால் மீண்டும் அதே அளவுக் கிழிசல் ஏற்படும் வாய்ப்பு 100க்கு 5 முதல் 7 வரை. தொல்லை எதுவும் இல்லாமல், அல்ட்ராசவுண்டிலும் தசை சேர்ந்திருக்கும் பெண் தயக்கமின்றி மறுபடியும் யோனிவழியே பெறலாம். கசிவு நீடிப்பவருக்கும், தசையில் இடைவெளி தெரிபவருக்கும் திட்டமிட்ட சிசேரியன் என்னும் தேர்வை மருத்துவர்கள் முன்வைக்கிறார்கள். இந்தக் காயத்தின் விளைவு பல ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம்: மாதவிடாய் நின்ற பிறகு தசைகள் மேலும் தளரும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் ஈடுகொடுத்த பழைய காயம் புதிதாகத் தொல்லை தருவதும் நடக்கிறது. ஐம்பது வயதில் மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய பிரசவத்தையும் சொல்ல வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

இவையெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருந்தால்தான் அடுத்த மருத்துவருக்குத் தெரியும். சிசேரியன் என்றால் கருப்பையில் வெட்டு குறுக்காகவா நெடுக்காகவா, எதற்காகச் செய்யப்பட்டது என்பதும், கிழிசல் என்றால் 3ஏயா 3பியா 3சியா நான்காம் நிலையா, எந்த முறையில் தைக்கப்பட்டது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ‘எபிசியாட்டமியுடன் நார்மல் டெலிவரி’ என்று மட்டும் ஒற்றை வரியில் எழுதித் தந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன் அதைத் திருத்தி எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.